ரேடியன், வில் நீளம், கோண வேகம்: முக்கோணவியல் கணக்குகளை அடிப்படையிலிருந்து அணுகும் முழுமையான வழிகாட்டி

ரேடியன் கணக்குகளில் தடுமாறும் பெரும்பாலோர் அதைப் பாகைக்கு மாற்றாக வந்த இன்னொரு அலகு என்றும், 180-ஐயும் π-ஐயும் வைத்து முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டால் போதும் என்றும் எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணத்தோடு தொடங்கினால் வில் நீளம், வட்டக்கோணப்பகுதியின் பரப்பு, கோண வேகம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். எந்த இடத்தில் எது பொருந்தும் என்ற ஐயமும் தீராது. உண்மையில் ரேடியன் ஒரு கேள்விக்கான விடை மட்டுமே: இந்தக் கோணத்திற்கு எதிரே உள்ள வில், ஆரத்தைப் போல் எத்தனை மடங்கு? இந்த ஒரு கேள்வியைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டு, எல்லாக் கணக்குகளையும் அதன் வழியாகவே செய்து பார்ப்போம்.

ரேடியன் எங்கிருந்து வருகிறது

ஒரு வட்டத்தின் ஆரத்திற்குச் சமமான நீளமுள்ள நூலை அதன் பரிதியின் மேல் வளைத்து ஒட்டி வைத்தால், அந்த நூலின் இரு முனைகளும் மையத்தில் தாங்கும் கோணம் 1 ரேடியன் ஆகும். வட்டம் பெரிதானால் ஆரமும் வில்லும் ஒரே விகிதத்தில் வளர்வதால், கோணம் மாறுவதில்லை. ஆகவே,

கோணம் (ரேடியனில்) = வில் நீளம் ÷ ஆரம்

முழுப் பரிதியின் நீளம் 2π × ஆரம் என்பதால், ஒரு முழுச் சுற்றில் 2π ரேடியன் அடங்கும். அரைச்சுற்று π ரேடியன்; அதுவே 180°. இதிலிருந்து 1 ரேடியன் ஏறத்தாழ 57.3° என்று கிடைக்கிறது. இந்த எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, அது ஏன் 60°-க்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. ஆரத்திற்குச் சமமான நாண் ஒன்றை வரைந்தால் இரு ஆரங்களும் அந்த நாணும் சேர்ந்து சமபக்க முக்கோணம் ஆகின்றன. மையக்கோணம் 60° ஆகிறது. அந்த 60°-க்கு எதிரே உள்ள வில் நாணைவிட நீளமானது, அதாவது ஆரத்தைவிட நீளமானது. எனவே ஆரத்திற்குச் சரிசமமான வில் கிடைக்க வேண்டுமானால் கோணம் 60°-இலிருந்து கொஞ்சம் குறைந்தாக வேண்டும்.

வில்லையும் ஆரத்தையும் ஒரே அலகில் அளக்கும் எண்ணம், ரேடியன் என்ற பெயருக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. கி.பி. 499-ஐச் சேர்ந்த ஆரியபடரின் அரைநாண் (ஆரம் × சைன்) அட்டவணையில் ஆரம் 3438 என்று கொள்ளப்படுகிறது. இந்த எண் மனம்போன போக்கில் எடுத்ததன்று: பரிதியை 360 × 60 = 21600 கலைகளாகப் (ஒரு கலை என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு) பிரித்து, அதை 2π-ஆல் வகுத்தால் 3437.75 வருகிறது. வில்லை எந்தக் கலையால் அளந்தார்களோ அதே கலையால் ஆரத்தையும் அளந்திருக்கிறார்கள். அதன் பயன் அட்டவணையின் முதல் வரியிலேயே தெரியும்: 225 கலை வில்லுக்கு அரைநாணும் 225. சிறிய கோணத்தில் சைன் மதிப்பும் கோணமும் ஒன்றாகிவிடும் என்ற உண்மை, ஆரமும் வில்லும் ஒரே அலகில் இருந்தால்தான் இவ்வாறு வெளிப்படையாகத் தெரியும். ரேடியன் என்ற சொல்லோ 1873-இல் பெல்ஃபாஸ்டில் ஜேம்ஸ் தாம்சன் தயாரித்த தேர்வு வினாத்தாளில்தான் முதன்முதலில் அச்சில் காணப்படுகிறது.

முதற்படி: மாற்றுதல்

இந்தப் பகுதியில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. பாகையை π/180-ஆல் பெருக்கினால் ரேடியன். ரேடியனை 180/π-ஆல் பெருக்கினால் பாகை. 150° என்பது 5π/6. 7π/12 என்பது 105°. கலைகள் இருந்தால் முதலில் அவற்றை 60-ஆல் வகுத்துப் பாகையாக்க வேண்டும்: 36°45′ என்பது 36.75°, அதாவது 0.6414 ரேடியன்.

இங்கே ஒரு தவறான பழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். π என்ற குறி இருந்தால்தான் அது ரேடியன் என்று பலர் நினைக்கிறார்கள். 2.5 என்று மட்டும் எழுதியிருந்தாலும் அது முறையான ரேடியன் மதிப்பே. ஆரத்தைப் போல் இரண்டரை மடங்கு வில் என்பது அதன் பொருள். பாகையில் அது 143.24°. கோணத்திற்கு அருகே பாகைக் குறி இல்லையென்றால் அதை ரேடியன் என்றே கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: வில் நீளம்

மேலே உள்ள வரையறையைத் திருப்பி எழுதினால் போதும்:

வில் நீளம் = ஆரம் × கோணம்

ஆரம் 12 செ.மீ., மையக்கோணம் 75° என்று கொடுக்கப்பட்டால், 75° = 5π/12 என்று முதலில் மாற்றிக்கொள்கிறோம். வில் நீளம் 12 × 5π/12 = 5π, அதாவது 15.71 செ.மீ. மாற்றாமல் 12-ஐ 75-ஆல் பெருக்கியிருந்தால் 900 செ.மீ. வந்திருக்கும். அந்த வட்டத்தின் முழுச் சுற்றளவே 75.4 செ.மீ.தான் என்பதை ஒருமுறை பார்த்திருந்தால் பிழை உடனே வெளிப்பட்டிருக்கும். விடை எழுதியதும் முழுச் சுற்றளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை நான் எல்லாருக்கும் வற்புறுத்திச் சொல்வேன்; சில விநாடிகளே ஆகும், ஆனால் மிகப் பெரிய பிழைகளை அது பிடித்துவிடும்.

மூன்று அளவுகளில் எந்த இரண்டு தெரிந்தாலும் மூன்றாவதைக் காணலாம். வில் 22 செ.மீ., ஆரம் 8 செ.மீ. என்றால் கோணம் 22 ÷ 8 = 2.75 ரேடியன். கேள்வி பாகையில் கேட்டால் மட்டும் 157.56° என்று மாற்ற வேண்டும். கேட்காவிட்டால் மாற்ற வேண்டியதில்லை.

புவியின் மேல் நடக்கும் கணக்குகளும் இதே வகைதான். ஒரே தீர்க்கரேகையில் உள்ள இரண்டு இடங்களின் அட்சரேகைகள் 10° வேறுபட்டால், புவியின் சராசரி ஆரம் 6371 கி.மீ. ஆதலால், அவற்றுக்கிடையே உள்ள தொலைவு 6371 × π/18, ஏறத்தாழ 1112 கி.மீ. கோண வேறுபாடு ஒரே ஒரு கலையாக இருந்தால் 6371 × π/10800 = 1.853 கி.மீ. கடல் மைல் என்ற அளவு இதிலிருந்து பிறந்ததுதான். இன்று அதை 1852 மீட்டர் என்று வரையறுத்திருக்கிறார்கள். பண்டைய கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் இதைத் தலைகீழாகச் செய்தார். எகிப்தின் சயீன், அலெக்சாந்திரியா ஆகிய இரண்டு ஊர்களில் நண்பகல் சூரியனின் சாய்வு 7.2° வேறுபட்டது, ஊர்களுக்கிடையே உள்ள தொலைவு 5000 ஸ்டேடியா (பழைய கிரேக்க நீள அளவு) என்று கொண்டார். 7.2° முழுச் சுற்றில் ஐம்பதில் ஒரு பங்கு என்பதால் புவியின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா. ரேடியனில் சொன்னால் 7.2° = π/25; 5000-ஐ அதனால் வகுத்தால் ஆரமே நேராகக் கிடைத்துவிடுகிறது.

மூன்றாம் படி: நாண், பரப்பு, வட்டத்துண்டு

வட்டக்கோணப்பகுதியின் பரப்புக்கு ஆரம்² × கோணம் ÷ 2 என்பது சூத்திரம். கோணத்திற்கு 2π என்று இட்டால் π × ஆரம்² வருகிறதா என்று பார்த்துக்கொண்டால், அந்த 2 மேலே வருமா கீழே வருமா என்ற குழப்பம் எழாது. நாணின் நீளம் 2 × ஆரம் × சைன் (கோணம் ÷ 2). மையத்திலிருந்து நாணுக்குச் செங்குத்து வரைந்தால் கிடைக்கும் இரு செங்கோண முக்கோணங்களிலிருந்து இது வருகிறது. நாணுக்கும் வில்லுக்கும் இடையே அடைபடும் வட்டத்துண்டின் பரப்பு, வட்டக்கோணப்பகுதியிலிருந்து முக்கோணத்தைக் கழித்தால் கிடைப்பது:

வட்டத்துண்டின் பரப்பு = ½ × ஆரம்² × (கோணம் − சைன் கோணம்)

இந்தச் சூத்திரத்தில்தான் கவனம் மிகவும் தேவை. ஏனெனில் இதில் கோணம் இரண்டு இடங்களில் வருகிறது: ஓரிடத்தில் வெறும் எண்ணாகவும், மற்றோரிடத்தில் சைனுக்குள்ளும். ஆரம் 10 செ.மீ., கோணம் 1.2 ரேடியன் என்று எடுத்துக்கொள்வோம். வில் 12 செ.மீ.; நாண் 20 × சைன் 0.6 = 11.29 செ.மீ.; வட்டக்கோணப்பகுதி 60 ச.செ.மீ.; வட்டத்துண்டு 50 × (1.2 − 0.9320) = 13.40 ச.செ.மீ.

இதே கணக்கைக் கால்குலேட்டரைப் பாகை முறையில் வைத்துக்கொண்டு செய்தால், சைன் 1.2-க்கு 0.0209 என்ற மதிப்பு வரும். வட்டத்துண்டின் பரப்பு 58.95 ச.செ.மீ. ஆகிவிடும். எண் நம்பும்படியாகவே தோன்றும். ஆனால் 60 ச.செ.மீ. பகுதியில் 58.95-ஐத் துண்டு எடுத்துக்கொண்டால் முக்கோணத்திற்கு ஒரே ஒரு ச.செ.மீ. மட்டுமே மிஞ்சும், படத்தை வரைந்து பார்த்தால் முக்கோணம்தான் பெரும்பகுதியை நிரப்பியிருக்கிறது. ஆகவே இத்தகைய கணக்கைத் தொடங்குமுன் சைன் 1 எவ்வளவு என்று கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள். 0.84 வந்தால் ரேடியன் முறை, 0.017 வந்தால் பாகை முறை.

சிறிய கோணங்களில் நாணும் வில்லும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. சைன் 0.1-இன் மதிப்பு 0.09983, கோணத்திற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. வானியலாளர்களுக்கு இது பெருந்துணை. நிலவின் விட்டம் 3474 கி.மீ., சராசரித் தொலைவு 3,84,400 கி.மீ. விட்டம் நேர்கோடுதான், வில் அன்று. ஆயினும் அதை வில்லாகவே கொண்டு வகுத்தால் 0.00904 ரேடியன், அதாவது ஏறத்தாழ அரைப் பாகை என்ற கோண அளவு கிடைக்கிறது. இங்கே வில்லுக்கு நாணைக் கொள்வதால் வரும் பிழை, நிலவின் தொலைவு மாதத்திற்குள் மாறும் அளவோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத் தக்கதன்று.

நான்காம் படி: கோண வேகம்

வில் நீளம் = ஆரம் × கோணம் என்ற சமன்பாட்டின் இரு பக்கங்களையும் காலத்தால் வகுத்துப் பாருங்கள். இடப்பக்கம் ஒரு விநாடியில் கடக்கும் வில் நீளமாகிறது. அதுவே பரிதியின் வழியே உள்ள நேர்கோட்டு வேகம். வலப்பக்கத்தில் ஆரம் அப்படியே நிற்க, கோணம் ஒரு விநாடியில் திரும்பும் கோணமாகிறது; அதுவே கோண வேகம்.

நேர்கோட்டு வேகம் = ஆரம் × கோண வேகம்

இது புதிய சூத்திரம் அன்று. பழைய வரையறையே காலத்தோடு சேர்ந்து நிற்கிறது. மீட்டரை விநாடிக்கு இத்தனை ரேடியன் என்பதால் பெருக்கும்போது விடை ஏன் வெறும் மீட்டர்/விநாடியாக வருகிறது, ரேடியன் எங்கே போயிற்று என்ற கேள்வி பலருக்கு எழுகிறது. அது நியாயமான கேள்வி. ரேடியன் நீளத்தை நீளத்தால் வகுத்துப் பெற்ற விகிதம். அதற்குப் பரிமாணம் இல்லை. அதனால்தான் பெருக்கியதும் சுவடின்றி மறைந்துவிடுகிறது. பாகையை இட்டால் இந்தச் சமன்பாடு பொய்த்துப் போவதற்கும் காரணம் இதுவே.

நிமிடத்திற்கு இத்தனை சுற்று என்று கொடுக்கப்பட்டால், 2π-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்து விநாடிக்கான ரேடியனாக்க வேண்டும். ஒரு வண்டி மணிக்கு 63 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, அதன் சக்கரத்தின் ஆரம் 35 செ.மீ. என்றால், முதலில் வேகத்தை 17.5 மீ/விநாடி என்று மாற்றி, 0.35-ஆல் வகுத்துக் கோண வேகம் 50 ரேடியன்/விநாடி என்று பெறுகிறோம். சுற்றுகளில் கேட்டால் 50 × 60 ÷ 2π, அதாவது நிமிடத்திற்கு ஏறத்தாழ 477 சுற்றுகள். கேள்வியில் ஆரத்திற்குப் பதிலாக விட்டம் கொடுத்திருக்கிறார்களா என்பதைத் தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டும். இந்த இடத்தில் மதிப்பெண் இழந்தவர்கள் பலர்.

பல சக்கரங்கள் வரும் கணக்குகளில் எது சமம், எது வேறு என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். ஒரே அச்சில் இறுகப் பொருந்திச் சுழலும் எல்லாப் புள்ளிகளுக்கும் கோண வேகம் ஒன்று. ஆரத்திற்கேற்ப நேர்கோட்டு வேகம் மட்டும் மாறும். பெல்ட்டாலோ செயினாலோ இணைக்கப்பட்ட இரு சக்கரங்களுக்கு, வழுக்கல் இல்லாத வரை, விளிம்பின் நேர்கோட்டு வேகம் ஒன்று. கோண வேகங்கள் ஆரங்களுக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். இந்த இரு விதிகளையும் மாறிமாறிப் பயன்படுத்தினால் எவ்வளவு நீண்ட தொடரையும் கடந்துவிடலாம். சைக்கிளில் பெடலோடு சேர்ந்த பற்சக்கரத்தில் 44 பற்கள், பின்சக்கரத்தின் பற்சக்கரத்தில் 16 பற்கள் என்று கொள்வோம். பெடலை விநாடிக்கு ஒரு சுற்றுச் சுற்றினால் பின் பற்சக்கரம் 44 ÷ 16 = 2.75 சுற்றுச் சுற்றும். அதன் கோண வேகம் 5.5π ரேடியன்/விநாடி. பின்சக்கரமும் அதே அச்சில் இருப்பதால் அதற்கும் அதே கோண வேகம். சக்கரத்தின் ஆரம் 34 செ.மீ. என்றால் வேகம் 0.34 × 5.5π = 5.87 மீ/விநாடி, மணிக்கு ஏறத்தாழ 21 கி.மீ.

முதல் விதிக்குப் புவியே சிறந்த எடுத்துக்காட்டு. விண்மீன்களைப் பொறுத்துப் புவி ஒரு சுற்றை 86,164 விநாடிகளில் முடிக்கிறது; கோண வேகம் 2π ÷ 86164 = 0.00007292 ரேடியன்/விநாடி. நிலநடுக்கோட்டில் ஆரம் 6378 கி.மீ. ஆதலால் அங்குள்ள புள்ளியின் வேகம் 465 மீ/விநாடி. 60° அட்சரேகையிலும் கோண வேகம் அதுவே. ஆனால் அங்குள்ள புள்ளி சுற்றும் வட்டத்தின் ஆரம், புவியைக் கோளமாகக் கொண்டால், 6378 × கொசைன் 60°, அதாவது பாதி. எனவே வேகமும் பாதி. புவியின் ஆரத்தையும் சுழற்சி வட்டத்தின் ஆரத்தையும் ஒன்றென எண்ணிவிடுவது இத்தகைய கணக்குகளில் அடிக்கடி நிகழும் பிழை. சுழலும் புள்ளிக்கும் அச்சுக்கும் இடையே உள்ள செங்குத்துத் தொலைவுதான் நமக்கு வேண்டிய ஆரம்.

எல்லாம் சேர்ந்து வரும் ஒரு கணக்கு

25 செ.மீ., 5 செ.மீ. ஆரமுள்ள இரு சக்கரங்களின் மையங்கள் 40 செ.மீ. இடைவெளியில் உள்ளன. குறுக்கே வெட்டிக்கொள்ளாத ஒரு பெல்ட் இரண்டையும் இறுகச் சுற்றியிருக்கிறது. பெரிய சக்கரம் நிமிடத்திற்கு 120 சுற்றுகள் சுழல்கிறது. பெல்ட்டின் நீளம் என்ன, சிறிய சக்கரத்தின் கோண வேகம் என்ன, பெல்ட்டின் மேல் உள்ள ஒரு புள்ளி தொடங்கிய இடத்திற்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்?

பெல்ட்டின் நேரான பகுதி இரு வட்டங்களுக்கும் பொதுவான தொடுகோடு. தொடுபுள்ளிகளுக்கு வரையும் ஆரங்கள் அதற்குச் செங்குத்தானவை. சிறிய சக்கரத்தின் மையத்திலிருந்து அந்தத் தொடுகோட்டுக்கு இணையாக ஒரு கோடு வரைந்தால், 40 செ.மீ. கர்ணமும் 25 − 5 = 20 செ.மீ. ஒரு பக்கமும் கொண்ட செங்கோண முக்கோணம் கிடைக்கிறது. மூன்றாவது பக்கம் √(1600 − 400) = 34.64 செ.மீ.; அதுவே நேரான பகுதியின் நீளம். தொடுகோடு மையக்கோட்டோடு சாயும் கோணத்தின் சைன் 20 ÷ 40 = ½ என்பதால், அந்தக் கோணம் π/6.

பெரிய சக்கரத்தில் பெல்ட் அரைச்சுற்றைவிட இருபுறமும் π/6 வீதம் கூடுதலாகத் தழுவுகிறது: π + π/3 = 4π/3. சிறியதில் அதே அளவு குறைகிறது: 2π/3. வில் நீளங்கள் 25 × 4π/3 = 104.72 செ.மீ., 5 × 2π/3 = 10.47 செ.மீ. இவற்றோடு இரண்டு நேர்ப்பகுதிகளின் 69.28 செ.மீ.யையும் சேர்த்தால் பெல்ட்டின் நீளம் 184.47 செ.மீ.

பெரிய சக்கரத்தின் கோண வேகம் 120 × 2π ÷ 60 = 4π ரேடியன்/விநாடி. விளிம்பின் வேகம் 25 × 4π = 100π, அதாவது 314.16 செ.மீ/விநாடி, பெல்ட்டுக்கும் அதுவே வேகம். சிறிய சக்கரத்தின் கோண வேகம் 100π ÷ 5 = 20π ரேடியன்/விநாடி, நிமிடத்திற்கு 600 சுற்றுகள். பெல்ட் ஒருமுறை சுற்றிவர 184.47 ÷ 314.16 = 0.587 விநாடி ஆகிறது. இந்த இறுதிப் பகுதியில் சிறிய சக்கரத்தின் சுழற்சி நேரமான 0.1 விநாடியையோ பெரியதன் 0.5 விநாடியையோ விடையாக எழுதிவிடுபவர்கள் உண்டு. பெல்ட்டின் நீளம் எந்தச் சக்கரத்தின் சுற்றளவுக்கும் சமமில்லை என்பதை நினைவில் வைத்தால் அந்தப் பிழை நேராது.

சுழற்சியிலிருந்து உயரத்திற்கு

கோண வேகத்தைக் காலத்தால் பெருக்கினால் திரும்பிய கோணம் கிடைக்கும். அதைச் சைனுக்குள்ளோ கொசைனுக்குள்ளோ இட்டால் சுழலும் புள்ளி எங்கே இருக்கிறது என்பது தெரியும். 20 மீ. ஆரமுள்ள ஒரு ராட்டினத்தின் மையம் தரையிலிருந்து 22 மீ. உயரத்தில் இருக்கிறது, ஒரு சுற்றுக்கு 4 நிமிடம். கோண வேகம் 2π ÷ 240 = π/120 ரேடியன்/விநாடி. அடியிலிருந்து புறப்படும் இருக்கையின் உயரம்,

உயரம் = 22 − 20 × கொசைன் (π × காலம் ÷ 120)

40 விநாடியில் கோணம் π/3; உயரம் 22 − 10 = 12 மீ. இருக்கை 32 மீ. உயரத்தில் எப்போது இருக்கும் என்று கேட்டால், கொசைன் −½ ஆக வேண்டும். கோணம் 2π/3 அல்லது 4π/3. காலம் 80 விநாடி அல்லது 160 விநாடி. முதல் விடை ஏறும்போது, இரண்டாவது இறங்கும்போது. ஒரே விடையோடு நிறுத்திவிடாமல், சுற்று முழுவதையும் நினைத்துப் பார்த்து இரண்டையும் எழுத வேண்டும். இருக்கை மேல்நோக்கி மிக வேகமாக ஏறும் கணம், அது மையத்தின் உயரத்தைக் கடக்கும்போது, அதாவது 60-ஆம் விநாடியில் வருகிறது; அப்போது அதன் நேர்கோட்டு வேகம் முழுவதும் செங்குத்துத் திசையில் இருப்பதால், ஏறும் வேகம் 20 × π/120 = 0.52 மீ/விநாடி.